வால்வு சூடாகும்வரை

மச்சான்,

நேற்று உன் மகன் ஒரு வால்வு அம்பிளிபயரைக் கொண்டுவந்து இறக்கினான். பிடிக்காவிட்டால் ஒரு கிழமைக்குள் மாற்றலாமாம். சுவிட்சைப் போட்டதும் கண்ணாடி வால்வில் படிந்திருந்த தூசி சூடாகி ஒரு வாசம் எழும்பியது. அவ்வளவுதான். அந்த வாசம் என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய், களுவாஞ்சிக்குடியில் உன் வீட்டு நெல் அறைக்குள் போட்டுவிட்டது.

"மாமா, சின்ன அறைக்கு வால்வா, ட்ரான்சிஸ்டரா நல்லம்?" என்று அவன் கேட்டான். இந்த விஷயத்தில் எட்டு நாள் சோறு தண்ணீரில்லாமல் பேசக்கூடிய நான் வாய் திறக்கவில்லை. அவன் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

எட்டடிக்குப் பத்தடி அறை. மூன்று பக்கமும் வவுணதீவு வயல் வட்டையில் விளைந்த நெல் மூட்டைகள். அறுவடை முடிந்து மூட்டை நிறைந்திருந்தால் பாட்டு மெத்தென்று கேட்கும். நெல் குறையக் குறையச் சத்தம் கூராகும். நாம் பாட்டுக் கேட்டதே சாப்பாட்டின் கணக்கில்தான். அதற்குள் உன் அம்பிளிபயர். மூடிப்போன ஒரு படமாளிகையிலிருந்து கொண்டுவந்தது, யானைக்குட்டி கனம். அதை நீ கரையில் இறக்கிவைத்த அன்று கரை தாழ்ந்து வாவியில் தண்ணீர் ஓரங்குலம் உயர்ந்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

என்னுடையது பிஸ்கற் பெட்டியளவு ட்ரான்சிஸ்டர். கரண்ட் விருந்தாளியைப்போல வந்துபோன காலம் அது. என் பெட்டிக்குக் கார் பற்றறி போதும். அந்த அறையில் எது நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதுதான் நம் இருவருக்குமிடையில் நடந்த மகாயுத்தம்.

"உன்ட பெட்டி பாடுறதில்ல மச்சான், ஒப்பிக்கிது," என்பாய்.

"உன்ட மெசின் எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடிச்சு வாறத்துக்குள்ள பாட்டு முடிஞ்சிரும்," என்பேன் நான்.

"ரெண்டையும் குடுத்துப்போட்டு எனக்கொரு தையல் மெசின் கொண்டாங்க," என்பாள் உன் மனைவி. எனக்குத் தங்கச்சி என்ற மரியாதை கொஞ்சமும் கிடையாது அவளுக்கு.

உலகத்தில் யாரும் நல்ல சங்கீதத்தை வைத்துத்தான் அம்பிளிபயரைச் சோதிப்பார்கள். நாமோ என் கூத்துப் பாட்டை வைத்துச் சோதித்தோம். நான் வடமோடிக் கூத்தில் ராசாவாகக் கொலுவுக்கு வரும் பாட்டை, நீ தகரத்தில் மத்தளம் அடிக்க, கசற்றில் பதிந்தோம். "இந்தத் தொண்டையைத் தாங்கினா எதையும் தாங்கும்" என்பது உன் விஞ்ஞானம்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுற்றிவளைப்பு. நான்கு ஆமிக்காரர் உள்ளே வந்தார்கள். மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். பிறகு பெரியவன் உன் வால்வுகளைக் கண்டான்.

"இது என்ன? கதைக்கிற மெசினா?"

"இல்ல சேர், பாட்டு மெசின்," என்றாய்.

"போடு."

போட்டாய். கசற் சுற்றியது. சத்தம் இல்லை. வால்வுகள் மெல்லச் சிவந்தன, சத்தம் இல்லை. அவன் தோளிலிருந்த துவக்கைக் கையில் எடுத்தான்.

"எங்க பாட்டு?"

"சூடாகணும் சேர். கொஞ்சம் பொறுங்க சேர்."

முக்கால் நிமிடம் இருக்கும். எனக்கு அதற்குள் மீசை நரைத்து, பல் விழுந்து, பேரப்பிள்ளைகளுக்குக் கலியாணமும் ஆகிவிட்டது. வயர்லெஸ் என்று அவன் முடிவுகட்டினால் உன்னை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களை எங்கே தேடுவதென்று அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது.

திடீரென்று அறை அதிர ராசா கர்ச்சித்தார். ஒருவன் பின்னால் துள்ளி மூட்டையில் இடித்துக்கொண்டான்.

"யாரு இது கத்துறது?"

"நான்தான் சேர். ராசா வேசம்."

பெரியவன் என் கிழிந்த பெனியனையும் சாரத்தையும் மேலும் கீழும் பார்த்தான். "ராஜா?" என்றான். மற்றவர்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். நால்வரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போகும்போது, "ராஜா, நல்லா சாப்பிடு," என்று எனக்குப் புத்தியும் சொன்னான்.

ஒரு பட்டாளத்தையே குரலால் திருப்பி அனுப்பியவன் என்று நான் றோட்டில் முழங்கிவிட்டுப் பின்னேரம் வந்தேன். நீ வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாய். அதுவரை உன் மெசினை வைது வந்த நான் அன்று அதற்காக வாதாடும் அப்புக்காத்து ஆனேன்.

"டேய், அதான் தப்பிட்டமே! அவனுகள் சிரிச்சிட்டுத்தானே போனானுகள். இனி என்ன பயம்?"

நீ தலை நிமிரவில்லை. "நீ அவன்ட முகத்தப் பாத்துக்கொண்டு நிண்டாய். நான் அவளப் பாத்தன். சுவரப் புடிச்சுக்கொண்டு நிண்டாள், மச்சான். அந்த நேரத்த இன்னொருக்கா அவளுக்குக் குடுக்க ஏலாது."

என் கூடப்பிறந்தவள். நான் பார்க்கவில்லை.

அன்று முதல் அறையில் என் பெட்டிதான். வென்றவன் நான், ஆனால் பாட்டு தகரத்தில் மழை பெய்வதுபோல் கேட்டது. நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சுவிட்ச் 'டக்' என்றால் போதும், தங்கச்சி இருந்த இடத்திலிருந்து எழும்பிவிடுவாள். பாட்டு உடனே வரும். அவள் பிறகுதான் திரும்பக் குந்துவாள். பல மாதம் இப்படி. ஒருநாள், "சத்தம் எப்பிடி மச்சான்?" என்று கேட்டேன். வெளியே அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தபடி சொன்னாய்: "இப்ப அவள் எழும்புறதில்ல."

சத்தத்தில் உன் வால்வுதான் மேல். முதல் நாளே எனக்குத் தெரியும். நீ இருந்தவரை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நேற்று, வாய் திறந்ததும் முதலில் உன் மகனிடம் அதைத்தான் சொன்னேன்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான். வாதம் சூடேறும்போது இப்போதெல்லாம் எதிரியின் முகத்தைப் பார்ப்பதில்லை. சுவரோரம் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். நின்றால், நான் சொல்வது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் வாயை மூடிக்கொள்கிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமென்று உனக்குத் தெரியும்.