வெள்ள வருஷத்து எட்டு வரிகள்

பேட்டை, 3.2.2025

மருமகள் ஃபஹ்மிதாவுக்கு, ஹபீப் மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். பெங்களூரில் வேலை கிடைக்கும் என்றேன், கிடைத்தது. இங்கிலீஷில் முட்டும் என்றேன், முட்டியிருக்கிறது. உன் மெயிலில் எங்கே நிற்க, எங்கே தொடங்க என்றே தெரியவில்லை என்று உன் ஆபீஸ் மேடம் திருப்பி அனுப்புகிறார்களாமே. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாதாம். உன் உம்மா சொன்னாள்.

போனில் பேசலாம். பக்கத்தில் நின்று உன் உம்மா சிரிப்பாள். அதான் கடிதம்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் நம் லேத் பட்டறை முங்கியது. கோயம்புத்தூர் பம்பு கம்பெனிக்குச் சொன்ன தேதியில் ஷாஃப்ட் போகவில்லை. ஆர்டரே கைவிட்டுப் போயிருக்கும். உட்கார்ந்தேன், இங்கிலீஷில் எட்டே வரி எழுதினேன். கமா அதன் இடத்தில், புள்ளி அதன் இடத்தில். அந்தக் கம்பெனி மேனேஜர் எழுந்து நின்று வாசித்தாராம்! ஆர்டர் இன்றைக்கும் நம்மிடம்தான்.

சூட்சுமம் இதுதான் பிள்ளே. லேத்தில் ஒரு வெட்டு முடிந்ததும் டூலைப் பின்னால் இழுக்கிறோம் இல்லையா, அதுதான் புள்ளி. ஒரு விஷயம் முடிந்ததா, நிறுத்து. அடுத்ததை அடுத்த வரியில் தொடங்கு. ஆச்சரியக்குறியை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள். எழுதியதை வாய்விட்டு வாசி.

ஹபீப் முகம்மது
(எட்டாம் வகுப்பு. ஆனால் பழைய எட்டாம் வகுப்பு.)

பெங்களூர், 24.2.2025

அன்புள்ள மாமாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

வேலை நிரந்தரமாகிவிட்டது மாமா! இந்த ஒரு ஆச்சரியக்குறிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

பயத்தில் நான் கமாவை மிளகுத்தூள் மாதிரித் தூவிக்கொண்டிருந்தேன். இப்போது வரிக்கு ஒரு விஷயம். கேட்பதைக் கேட்டு, கேள்விக்குறி வைத்து, கெஞ்சாமல் முடித்துவிடுகிறேன். போன வாரம் ஒரு கஸ்டமருக்கு ஆறு வரி எழுதினேன். அனுராதா மேடம் பார்த்துவிட்டு, "யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றார்கள். உங்கள் கதையைச் சொன்னேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கவேண்டுமாம். உங்கள் வெள்ளக் கடிதத்திலிருந்தே தொடங்கச் சொல்கிறார்கள். பட்டறையில் நகல் இருக்கும்தானே? அனுப்புங்கள். மேலே உங்கள் பெயரைப் பெரிதாகப் போடப்போகிறேன்.

உங்கள் ஃபஹ்மிதா

பேட்டை, 1.3.2025

ஃபஹ்மிதாவுக்கு, ஸலாம்.

நீ வகுப்பெடுப்பாய் என்றும் நான் முன்னாலேயே... சரி, அதைச் சொல்லவில்லை. அது என் கணக்குக்கும் மேலே போய்விட்டது பிள்ளே. பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கார்பன் நகல் இதோடு இருக்கிறது. பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிடும். உன் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் லேபிள் எழுதிய அதே கை.

எழுதியது உன் உம்மா. அப்போது பதினெட்டு வயது. காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். பட்டறைக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்று நான்தான் போகவிடவில்லை. டூலை இழுக்கிற விஷயமும் என் லேத்தைப் பார்த்து அவள் சொன்னதுதான். ஊரில் நான் எழுதியதாகச் சொல்லித் திரிந்தேன். அவள் மறுத்ததில்லை. சிரிப்பாள், அவ்வளவுதான்.

மேனேஜர் எழுந்து நின்றது சத்தியமாக உண்மை. எழுதியது நான் என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. மேலே மஹ்மூதா பீவி என்று போடு. பெரிதாகப் போடு.

தபாலில் சேர்க்குமுன் இந்தக் கடிதத்தை அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினாள்.

"ரெண்டு புள்ளி விட்டுப்போச்சு. இப்பம் சரியா இருக்கு, அனுப்புங்கண்ணே" என்றாள்.

ஹபீப் முகம்மது
(அந்த எட்டு வரிக்கும் கீழே போட்ட கையெழுத்து மட்டும் என்னுடையது.)