கவிழ்ந்து மிதந்த தங்கமீன்

மாமா,

அடுப்படியில் பட்டாணி வேகிறது. மருமகள் குக்கரைத் திறந்ததும் அந்த மாவு வாடை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். "என்ன அத்தை, உப்பு பாக்கணுமா?" என்றாள். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டேன். அடுத்தவர் கையை எட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கம் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலத்தில் நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். உங்கள் மகன் அங்கே சரக்கு எண்ணும் வேலையில் இருந்தார். நீங்கள் இரும்புக் கடை வைத்திருந்தீர்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாலை நகத்தில் விட்டுப் பார்ப்பீர்கள். அரிசி மூட்டையின் தையல் பிரிந்து மறுபடி தைக்கப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவுவீர்கள். "சிரிச்சிக்கிட்டே வாரவன ரெண்டு தடவ பாரு" என்பீர்கள். நான் சிரித்துக்கொண்டேதான் அந்த வீட்டுக்குள் வந்தேன்.

கூடத்தில் கண்ணாடித் தொட்டி இருந்தது. அத்தை ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று, கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல் ஒருவரிடம் நீங்கள் சொல்லி வரவழைத்த ஜோடித் தங்கமீன்கள். உருண்டை வயிறு, கொசுவி விட்ட சேலை மாதிரி வால். அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். நான் வந்த மாதத்தில் ஒரு மீன் செத்தது. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் மற்ற மீனும் கவிழ்ந்தது. வயிறு எலுமிச்சம்பழமாக உப்பி, தலைகீழாக மிதந்தபடி வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. கீழே இறங்கப் பார்க்கும். தக்கை மாதிரி மறுபடி மேலே வந்துவிடும். தண்ணீருக்கு வெளியே துருத்திய வயிற்றில் தோல் காய்ந்து சிவந்திருந்தது.

"ஏளா, தண்ணியில என்னத்தக் கலக்குன?" என்றீர்கள்.

"நான் தொட்டியத் தொடவேயில்ல மாமா."

வாளியை முகர்ந்து பார்த்தீர்கள். சோப்புத் தூள் டப்பாவை எடுத்துக் கடைக்கே கொண்டுபோய்விட்டீர்கள். ஆனாலும் மனம் அடங்கவில்லை. "இதுவும் செத்துதுன்னா ஒங்கப்பனுக்குத் தாக்கல் சொல்லி விட்டுருவேன், வந்து கூட்டிட்டுப் போகட்டும்" என்று என் காதுபட உங்கள் மகனிடம் சொன்னீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். அன்று எனக்கு உங்களைவிட அவர்மீதுதான் கோபம்.

அதன்பிறகு நானும் உங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். கடையை அடைத்துவிட்டு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் எனக்கு முதுகைக் காட்டித் தொட்டிக்கு முன்னால் நிற்பீர்கள். வேட்டி மடிப்புக்குள் ஏதோ சரசரக்கும். நான் வந்தால் கையை மூடிக்கொள்வீர்கள். என்ன போடுகிறார், எதற்கு மறைக்கிறார்? என்னைத் துரத்துவதற்காக இவரே மீனைக் கொல்லுகிறாரோ என்றுகூட எனக்கு ஓடியது. அப்படியும் நினைக்க வைத்தது அந்த வீடு.

திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நீங்கள் இரண்டு நாள் தங்கினீர்கள். மீனுக்கு யாரும் எதுவும் போடவில்லை. நீங்கள் திரும்பி வந்தபோது வயிறு கொஞ்சம் வற்றி, மீன் ஒருக்களித்துக் கிடந்தது.

"இதுக்கு யாருளா என்னத்தக் குடுத்தா?" என்றீர்கள். தேறியதற்கும் சந்தேகம்!

"யாரும் ஒண்ணும் குடுக்கல. அதான் தேறியிருக்கு" என்றேன். பிறகு தொட்டியின் மூலையைக் காட்டினேன். கண்ணாடியோரம் ஊறிப் பருத்த வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. "பொரிதான போடுதிய?"

மறைக்கவில்லை நீங்கள். மெட்ராஸிலிருந்து வரும் டப்பா மீன்தீனியில் என்ன கலந்திருக்கிறானோ என்று பயந்து, உங்கள் கண்முன்னே வறுத்த பொரியை வாங்கிவந்து போட்டதாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தால் நான் அதிலும் எதையாவது கலப்பேன் என்று மடியில் ஒளித்திருக்கிறீர்கள். உங்கள் மடியிலிருந்தே கொஞ்சம் வாங்கி ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டேன். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பொரி ஊறியது, பருத்தது, மேலேயே மிதந்தது.

"அப்ப நான்தான் கெடுத்தேங்கியா?"

"கொஞ்ச நாளைக்குப் பட்டினி போடுவோம் மாமா."

"பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கியா?"

ஆனாலும் ஒத்துக்கொண்டீர்கள். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தோம், மீன் ஏறி இறங்கச் சிரமப்படாமல். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால், நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு, என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இதற்கிடையில் உங்கள் மகன் தண்டலைத் தேடிப்போய்க் கேட்டுவந்தார். கொழும்புக் கடைக்காரர்கள் பட்டாணியை நன்றாக வேகவைத்து, தோலை உரித்து, மசித்துத் துளித்துளியாகக் கொடுப்பார்களாம். வயிற்றை இளக்குமாம். அவர் தானாகச் செய்த காரியம் அது. என் கோபம் அன்றோடு தணிந்தது.

நான் வேகவைத்துக் கொண்டுவந்தேன். நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள்.

"மொதல்ல நீ தின்னு."

ஒன்றை உரித்து வாயில் போட்டு மென்று விழுங்கினேன். என் முகத்தையே பார்த்தபடி நின்றீர்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழக்கூடாது என்று தட்டை உங்களிடம் நீட்டினேன். "நீங்களே உரிச்சுப் போடுங்க. ஒங்க கைன்னா ஒங்களுக்கு நம்பிக்கையா இருக்கும்லா."

நீங்கள் கையை நீட்டினீர்கள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு கையை மடக்கிக்கொண்டு, "நீயே போடு. எங் கைய இப்ப என்னாலயே நம்ப முடியல" என்றீர்கள்.

மசித்த பட்டாணியை மீன் முதலில் துப்பியது, பிறகு விழுங்கியது. மறுநாள் நூல் மாதிரி நீளமாகக் கழிந்தது. அடுத்த நாள்களில் நிமிர்ந்து, அடிமணலைக் கிளறத் தொடங்கியது. நீங்கள் கடையிலிருந்து ஆளனுப்பி, "மீனு நிமிந்து நிக்குதா, இல்ல அவ பொய் சொல்லுதாளா" என்று கேட்டுவரச் சொன்னீர்கள். ஆனால் அப்பாவுக்குத் தாக்கல் போகவில்லை. பிறகு பால்காரர் வரும்போதெல்லாம் என்னையும் வாசலுக்குக் கூப்பிட்டு, "இவன் மொகம் சரியில்ல, நீயும் பாரு" என்று காதோடு சொல்லத் தொடங்கினீர்கள்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டீர்கள்.

"மொத மீனு எதனால செத்துது? அது ஒங்க அத்தைக்கு ரொம்பப் புடிச்சது."

அதற்கும் நீங்கள் பொரிதான் போட்டிருந்தீர்கள். அதுவும் வயிறு உப்பித்தான் செத்தது. எனக்குத் தெரியும்.

"அது வயசாகிச் செத்துது மாமா" என்றேன்.

என் முகத்தை வெகுநேரம் பார்த்தீர்கள், பாலை நகத்தில் விட்டுப் பார்ப்பதுபோல. "சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனீர்கள். அதைப் பற்றி அப்புறம் நீங்கள் கேட்கவேயில்லை.

நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும், அந்தச் 'சரி'யை நான் நம்பவில்லை, மாமா.