ஏழாம் நம்பர் பூட்ஸ்

3-6-2024, திங்கள்

பூட்ஸ் மாற்றும் அறையைப் பூட்டிவிட்டார்கள். பதினாறு வருடமாக எங்கள் பவுண்டரியில் நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்து, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்ட அறை அது. இன்று காலை பார்த்தால் உள்ளே கூரை வரை வார்ப்பு அச்சுக்கான பேட்டர்ன் கட்டைகள், வெளியே ஒரு பூட்டு. இனிமேல் வீட்டிலிருந்தே பூட்ஸ் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம். செருப்போடு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்களாம். எங்களில் முக்கால்வாசிப் பேர் பைக்கில் வருகிறவர்கள். விரலுக்கு மேல் இரும்புத் தொப்பியை வைத்துக்கொண்டு எப்படிக் கியர் போடுவது? ஒருவரும் யோசிக்கவில்லை. இது அநியாயம். எழுதி வைக்கிறேன்.

அலுவலகத்தில் தமிழ்ச்செல்வனிடம் போய்க் கேட்டேன். ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, என் மகன் வயது.

"வேலை நேரத்துல போடாத உடைய வைக்க எடம் தரோணும்னு சட்டப் புத்தகத்துல இருக்குதுங்க தம்பி."

"உடைன்னுதானுங்க போட்டிருக்குது. செருப்புன்னு இல்லீங்களே" என்று சிரித்தார்.

ஐந்தாவதோடு நின்றவன் நான். காந்திபுரத்தில் வாங்கிய அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்திருக்கிறேன். அவர் ஒரு முறை படித்திருப்பாரா?

4-6-2024

ஸ்டோரில் புது பூட்ஸ் கொடுத்தார்கள். ஏழாம் நம்பர் ஒரே ஒரு ஜோடி. முதல் ஆளாகப் போய் நின்றேன், எனக்குக் கிடைத்தது.

6-6-2024, வியாழன்

அப்துல் முத்தலிப் உக்கடத்திலிருந்து வருகிறவர். உலை அவர் பொறுப்பு, மெஷின்கள் என் பொறுப்பு. பதினாறு வருடப் பழக்கம். அவர் காலும் ஏழுதான், ஆனால் ஸ்டோரில் ஒன்பதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூக்கில் பழைய துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு வருகிறார். அவர் பைக்கில் முதல் கியருக்கு லிவரை மிதிக்க வேண்டும், மற்றதற்கெல்லாம் காலை அடியில் விட்டுத் தூக்க வேண்டும். இந்த மூக்கு அடியில் நுழைவதில்லை. நுழைந்தாலும் வழுக்குகிறது.

"சுங்கத்துல இருந்து சிங்காநல்லூர் வரைக்கும் ரெண்டாவது கியர்லயே வந்தேனுங்கண்ணா. பின்னால வந்த பஸ்காரன் எங்க வாப்பாவையெல்லாம் விசாரிச்சுட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8-6-2024, சனி

ஷிப்ட் முடிந்ததும் முத்தலிப்பின் வண்டியைச் சரிசெய்தேன். கியர் லிவரைக் கழற்றி, பூட்ஸ் மூக்கு அடியில் நுழையும்படி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினேன். முனையில் ஒரு விரல் நீளத்துக்கு ரப்பர் குழாய் மாட்டினேன். என் வண்டியில் செவ்வாய்க்கிழமை முதல் இப்படித்தான் இருக்கிறது. வழுக்குவதே இல்லை.

"இஞ்சினியருக எல்லாம் உங்ககிட்ட டியூசன் வரோணுமுங்க" என்றார்.

"கண்ண மூடிட்டு ஓட்டலாம், போங்க" என்றேன்.

11-6-2024

முத்தலிப் ஒண்டிப்புதூர் சிக்னலில் விழுந்துவிட்டார். இடது கணுக்கால்.

12-6-2024, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு எலும்பு போயிருக்கிறது, பிளேட் வைக்கிறார்கள். அவர் மயக்கத்தில் இருந்தார். மனைவி நஃபீசாதான் சொன்னார்: "சிக்னல்ல நின்னு, நியூட்ரலுக்கு லிவரத் தூக்குனதும் கால ஊனப் போயிருக்காருங்க. கால் வரவேயில்லையாம். வண்டி அப்படியே இவரு மேல சாஞ்சிருச்சு."

வண்டி அந்த சிக்னல் பக்கத்தில் ஒரு டீக்கடை ஓரமாகக் கிடந்தது. அவர் பூட்ஸை ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லிவர் வளைந்திருந்தது, நிமிர்த்தினேன். வேறொன்றும் இல்லை.

14-6-2024, வெள்ளி

அலுவலகத்தில் விபத்து அறிக்கை எழுதிவிட்டார்கள். "வாகனம் ஓட்டியவரின் கவனக்குறைவு." கவனக்குறைவு என்று பெயர் எடுத்தவனை உலை பக்கம் விடமாட்டார்கள். கால் ஆறி வரும்போது அந்த இடத்தில் வேறு ஆள் இருப்பான். ஐம்பத்து நான்கு வயதில் வேறு எங்கே போவார்?

அறையைப் பூட்டியதுதான் காரணம் என்று தமிழ்ச்செல்வனிடம் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்களும் அதே பூட்ஸுலதானுங்கய்யா வாரீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

நேராக ஸ்டாண்டுக்குப் போய் என் வண்டி லிவரைக் குனிந்து பார்த்தேன்.

17-6-2024, திங்கள்

பக்ரீத். உக்கடம் போனேன். முத்தலிப் காலை ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நஃபீசா பிரியாணி வைத்தார். "தூக்கத்துலயும் கால எடு, கால எடுங்கறாருங்க. யாரு காலுன்னுதான் தெரியல" என்றார். முத்தலிப் சிரித்தார்.

பிறகு கேட்டார்: "வண்டி நல்லா இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குது."

"அந்த ரப்பரு?"

நான் தட்டைப் பார்த்தேன். "ஆறுது, சாப்பிடுங்க" என்றார் முத்தலிப். அதற்குமேல் கேட்கவில்லை.

12-ஆம் தேதி எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். டீக்கடை ஓரத்தில் வண்டியைத் தொட்டதும் நான் செய்த முதல் வேலை அந்த ரப்பரை பிளேடால் அறுத்துச் சட்டைப்பையில் போட்டதுதான். இப்போது அது என் டூல் பெட்டிக்குள் கிடக்கிறது. எதுக்கு அறுத்தேன்? தப்பு இல்லைன்னா எதுக்குடா அறுத்தே?

18-6-2024, செவ்வாய்

இன்று லீவு போட்டுவிட்டுச் சோதித்தேன். முத்தலிப்பின் ஒன்பதாம் நம்பரை மாட்டிக்கொண்டு என் வண்டியில் ஏறினேன். சாய்ந்துவிடாமல் என் மனைவி ராமாத்தாள் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

"என்னையும் சேத்திச் சாய்ச்சுப்போடாதீங்க."

லிவருக்கு அடியில் காலை விட்டேன். வெளியே இழுத்தேன். உள்ளே என் கால் நகர்கிறது, பூட்ஸ் நகரவில்லை. விரலுக்கு அப்பால் வெறும் மூக்கு இரண்டு விரல் அகலம் அடியில் போய்விடுகிறது, ரப்பர் அதைக் கவ்விக்கொள்கிறது. நான்கு முறை பார்த்தேன், மூன்று முறை சிக்கியது. ஏழாம் நம்பரை மாட்டிப் பார்த்தேன், ஒரு முறைகூடச் சிக்கவில்லை.

"அப்ப அந்த ஏழ அவருக்கு உட்டிருக்கலாமுங்கல்ல?" என்றாள்.

திட்டிவிட்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை.

20-6-2024, வியாழன்

ரப்பர்த் துண்டைத் தமிழ்ச்செல்வனின் மேஜைமேல் வைத்தேன். கையோடு எழுதிக்கொண்டு போன இரண்டு பக்கத்தையும் கொடுத்தேன்.

படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வயசு முடிஞ்சும் வருசா வருசம் உங்களுக்கு நீட்டிப்புக் கொடுக்கறாங்க. இத மேல அனுப்புனா இனி அது கெடைக்காதுங்கய்யா."

"தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்குங்க?"

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கறீங்கல்ல. அது யாரு யாருதுன்னு சரியாப் போடோணுமுங்க."

நான் எழுதிய வரிசை: முதலில் பூட்டிய அறை, இரண்டாவது ஒன்பதாம் நம்பர், மூன்றாவது மாரப்பனாகிய நான் மாட்டிய ரப்பர். மூன்றாவதை முதலில் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். அறை திறந்திருந்தால் அவர் செருப்போடு வந்திருப்பார், ரப்பருக்கு வேலையே இருந்திருக்காது. அரை மணி நேரம் வாதாடினார். வரிசை மாறவில்லை.

21-6-2024, வெள்ளி

முத்தலிப்புக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், அறுத்து மறைத்ததையும்.

"கண்ண மூடிட்டு ஓட்டலாம்னீங்களேண்ணா."

வைத்துவிட்டார்.

24-6-2024

முத்தலிப் போனை எடுக்கவில்லை.

29-6-2024, சனி

கடிதம் வந்துவிட்டது. எனக்கு நாளை ஞாயிறு ஷிப்டோடு சரி. முத்தலிப்பின் அறிக்கையைத் திருப்பி வாங்கி மறுபடி எழுதுகிறார்களாம். தமிழ்ச்செல்வனே கேட் வரை வந்து சொன்னார். அறை மட்டும் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. ஆகவே, ஆகவேண்டியவை:

நிர்வாகம் பேட்டர்ன் கட்டைகளை வெளியே எடுத்து அறையைத் திறக்க வேண்டும். திறக்கும்வரை மாதம் ஒரு பதிவுத் தபால் என்னிடமிருந்து வரும். வேலையை விட்டு அனுப்பினால் தபாலும் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம்.

ஸ்டோர்க்காரர் ஒவ்வொருவர் காலையும் அளந்து பார்த்துவிட்டு பூட்ஸ் வாங்க வேண்டும். வாங்கிவிட்டுக் காலைத் தேடக் கூடாது.

தமிழ்ச்செல்வன் புது அறிக்கையில் கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லை எடுத்தே ஆக வேண்டும். முத்தலிப் எழுந்து வரும்வரை உலைக்கு நிரந்தரமாக ஆள் போடக் கூடாது.

ராமாத்தாள் என் வண்டி லிவரில் இருக்கும் ரப்பரை ஞாபகப்படுத்த வேண்டும். இன்னும் கழற்றவில்லை.

முத்தலிப் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. போனை எடுக்கத் தோன்றும்போது எடுக்கட்டும்.

நான் நாளை ஷிப்ட் முடிந்ததும் பூட்ஸைத் துடைத்து ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். வாங்கி இருபத்தாறு நாள்தான் ஆகிறது, அடி தேயவில்லை. வேறு யாரும் எடுத்துவிடாதபடி பெட்டிமேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்: ஏழாம் நம்பர். அப்துல் முத்தலிப்.