செல்வி வராத கபடிப் போட்டி

ஞாயிறு இரவு, சங்கரன்கோவில்.

செல்விக்கு விருது கொடுக்க எங்கள் பிசியோதெரபி சங்கம் யோசிக்கிறது. அவளோடு ஒரே கிளினிக்கில் வேலை பார்ப்பவள் என்று படிவத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். 'விளையாட்டு வீரர்களுக்கு ஆற்றிய பங்களிப்பு' என்ற கட்டம் மூன்று நாளாகக் காலி. புதுச் சுளுக்கை உருவிவிடாதே, ஐஸ் வை என்று கபடிக்காரர்களை ஏசுவதைத் தவிர அவள் என்ன செய்கிறாள்? வயிற்றெரிச்சலில் அப்படியும் நினைத்தேன்.

இன்று அவளுக்குக் காய்ச்சல். குருவிகுளம் கபடிப் போட்டிக்கு முதலுதவி செய்ய அவளுக்குப் பதில் நான் போனேன். ஆட்டத்தில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு பெரியவர் உருவிவிடக் குனிந்தார்.

"அண்ணாச்சி, தொடாதீய. செல்வியக்கா ஏசுவாவ" என்று கேப்டன் தடுத்தான்.

"அவ இன்னைக்கு வரலியே" என்றேன்.

"வராட்டி என்ன, கேள்விப்பட்டா ஏசுவாவ."

நான் பையைத் திறப்பதற்குள் காலை உயர்த்தி வைத்து, ஜூஸ் கடை ஐஸைத் துண்டில் சுற்றி ஒத்தடம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வேலையே இல்லை.

அதை அப்படியே கட்டத்தில் எழுதிவிட்டேன். இதற்குச் சான்று எங்கே என்பார்கள் சங்கத்தில். அடுத்த போட்டிக்கு வந்து பார்க்கட்டும்.

செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்னையும் ஏசுவாள்.