சமையலறை ஜன்னலுக்குக் கீழே

தெற்குத் தீவில் கைதியாகக் கிடந்தாலும் இன்னும் என் புருஷனாகவே இருப்பவருக்கு,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பாதிரியார்களைத் தோலுரித்து அந்த டாக்டர் எழுதிய, தடை செய்யப்பட்ட புத்தகத்தை ஊரைக் கூட்டி உரக்கப் படித்தவர் நீங்கள். நாடு கடத்தப்பட்டதும் நீங்கள்தான். படிப்பு ஏறாத நான் சௌக்கியமாக வீட்டில் இருக்கிறேன்.

ஒன்பது நாள் வீடு கூட்டவில்லை.

சாவு வீட்டில் துடைப்பம் எடுக்கக் கூடாதே. ஆமாம், உங்கள் அம்மாதான். காய்ச்சல். அதிகம் கஷ்டப்படவில்லை. கடைசிவரை என் சோறு குழைந்துவிட்டது என்றுதான் திட்டிக்கொண்டிருந்தார்.

பாதிரியார் கல்லறைத் தோட்டத்தைத் திறக்கவில்லை. "உன் புருஷன், படிச்சது பாவம்னு கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அன்னிக்கே கெழவிக்கு எடம் தர்றேன்" என்றார். நீங்கள் கையெழுத்துப் போட அவர் அனுப்பும் காகிதமும் இதே கப்பலில்தான் வருகிறது. அதைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பாதிரியார் இப்படித்தான் கேட்பார் என்று அத்தை சாகும் முன்பே தெரிந்துதான் படுத்திருந்தார். "எனக்காக அவன் கையெழுத்துப் போட்டான்னா, எந்திரிச்சு வந்து காதைத் திருகுவேன்னு எழுதுடீ. கோழி கிண்டின மாதிரி எழுதினாலும் அவனுக்குப் புரியும்" என்றார். அதனால் போடாதீர்கள். காது உங்களுடையது.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே, சந்தோல் பழ மரத்தடியில் புதைத்தோம். பக்கத்து வீட்டு மெலித்தோன் குழி வெட்டினான். கோயில் மணி அடிக்கவில்லை. அவனுடைய சண்டைச் சேவல்தான் கூவியது.

ஒன்பது நாளும் முடிந்ததால் இன்று காலை வீடு கூட்டினேன். வேண்டுமென்றே ஒரு மூலையை விட்டுவிட்டு, ஜன்னலோரம் வெகுநேரம் நின்றேன். யாரும் திட்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி