ரோசலி, உன் பிரெஞ்சுக்காரர்கள் வந்திருந்தார்கள்

சிரிக்க வைத்தே என்னைக் கரையேற்றிய ரோசலிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்துவிட்டோம். ஆமாம், அவர்களேதான். புதுச்சேரியில் கேசட் தேயத் தேய நீ கேட்டு வளர்ந்த அந்த ராக் குழு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பூங்காவில் பிரெஞ்சு விழா என்று வந்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் சேவியர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். நீ இல்லாமல் நாங்கள் மட்டும் போய்ப் பார்க்கலாமா? உனக்குக் கோபம் வராதா? ஃப்ரீவே முழுக்க இதையே யோசித்துக்கொண்டு போனேன்.

முதலில் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதை வேறு சிலரும் படிப்பார்கள். "ஒட்டுக் கேக்கறவங்களுக்கும் புரியணும்டி, அதுதான் மரியாதை" என்று பாட்டு எழுதும்போது சொல்வாயே.

நான் அமெரிக்காவுக்கு, இந்தச் சான் ரமோனுக்கு வந்தது வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில். என் வீட்டுக்காரர் ஆபீஸ் போய்விடுவார், பெண் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அப்புறம் நானும் ஃப்ரிட்ஜும்தான். ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது சத்தம் போடும். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவள் என்பதே எனக்கு மறந்துபோய்க்கொண்டிருந்தது.

அபார்ட்மெண்ட்டில் துணி துவைக்கும் அறையில்தான் உன்னைப் பார்த்தேன். மார்பில் கை வைத்து, கண்ணை மூடி, தேசிய கீதம் போலக் கம்பீரமாக என்னவோ பாடிக்கொண்டிருந்தாய். நான் துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றேன். நீ முடித்ததும், "சாமி பாட்டுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. மாடி வீட்டுக்காரன் ஷூ சத்தம் தாங்க முடியலன்னு ஒருத்தன் அழறான்" என்றாய். உன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எனக்கு வந்த சிரிப்பில் மூச்சு முட்டி, சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின்மேல் சாய்ந்து நின்றேன். அமெரிக்கா வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான், ரோசலி.

அந்தப் பிரெஞ்சுக் குழுவின் வேலையே அதுதான் என்று பிற்பாடு சொன்னாய். தண்ணீர் வராத குழாயைத் திறந்து வைக்கும் மந்திரி, தெரியாமல் வேறு கல்யாணத்துக்குப் போய் வாழ்த்துரையும் வழங்கிவிட்டு வரும் விருந்தாளி என்று எல்லாரையும் கிண்டல் செய்வார்கள். ஆனால் பாடும்போது ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். "நாம சிரிச்சா ஜோக் செத்துடும். மூஞ்சிய கல்லு மாதிரி வெச்சுக்கணும்" என்பாய். ஒவ்வொரு பாட்டையும் காரில் நிறுத்தி நிறுத்தி எனக்கு அர்த்தம் சொல்வாய். பிரெஞ்சில் ஒரு எழுத்துகூடத் தெரியாத எனக்கு அந்தப் பாட்டுகள் மட்டும் மனப்பாடம்.

அப்புறம் நம் குழு. பக்கத்துத் தெரு நஸீமா அக்கா வீட்டில், கார் நிறுத்தும் கராஜ். அக்கா கீபோர்டு, சேவியர் பேஸ் கிடார், நீ கிடாரும் பாட்டும். எங்கள் பெண் கொஞ்ச நாள் கற்றுக்கொண்டு கைவிட்ட டிரம்ஸ் சும்மா கிடந்ததால் நான் டிரம்ஸ்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே" என்றேன்.

"கணக்கு தெரியுமில்ல? எண்ணிக்கிட்டே அடி" என்றாய்.

பெயர் வைக்க நீ யோசிக்கவே இல்லை. நாம் நான்கு பேர். 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்று வைத்துவிட்டாய். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தே வளர்ந்தவள் நான். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி என்றானதும் பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

கிரீன் கார்டு பாட்டை நீ முதல் முதலாகப் பாடிக் காட்டியது நினைவிருக்கிறதா? அசல் காதல் பாட்டு மாதிரி உருகி உருகி ஆரம்பித்தாய்.

*வருவேன்னு சொல்லிட்டுப் போனியே கண்ணே,*
*வாசலையே பார்த்திருக்கேன்.*
*தலை நரைச்சுப் போச்சு, பல்லும் ஆடிப் போச்சு,*
*பெண்டிங்லயே காத்திருக்கேன்.*

'பெண்டிங்' வந்த இடத்தில்தான் கண்ணே யார் என்று எனக்குப் புரிந்தது. சிரித்தேன். சிரிப்பு முடியுமுன் அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அவரும் பேசிய பேச்செல்லாம் அதில் இருந்தது. உன் கதை இன்னும் வேடிக்கை. உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் உனக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட். ஆனால் கிரீன் கார்டு வரிசைக்குப் பிறந்த நாடுதான் கணக்காம். நீ பிறந்தது புதுச்சேரி, கட்டிக்கொண்டதும் புதுச்சேரிக்காரரை. "பாஸ்போர்ட் பிரான்சு, நிக்கிற க்யூ மட்டும் இந்தியா. இத வெச்சு இன்னொரு பாட்டு போடலாம்டி" என்றாய். வலிக்கிற இடத்தில் கை வைத்துக் கிச்சுக்கிச்சு மூட்ட உன்னால் மட்டும் எப்படி முடிந்தது?

பொங்கல் விழாவில் நாம் 'ரெண்டே நிமிஷம்' பாடியதையும் சொல்லத்தான் வேண்டும். ரெண்டே நிமிடம் என்று மைக்கைப் பிடித்து, குழந்தைகள் தூங்கி விழும்வரை விடாத தலைவரைப் பற்றிய பாட்டு. நம் தமிழ் அமைப்பின் தலைவர் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். அரங்கம் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. எனக்குத் தாளம் ஓடியது. நீ கல் முகத்தோடு பாடினாய். முதலில் சிரித்தது யார்? அவர் மனைவி. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

தலைவர் மட்டும் சிரிக்காமல் மேடைக்குப் பின்னால் வந்தார். "ஸ்டேஜ் குடுத்த எங்களையே கிண்டல் பண்றீங்களாம்மா?"

"பாட்டு ரெண்டே நிமிஷம்தான் அங்கிள். டைம் பார்த்துத்தான் எழுதினேன்" என்றாய்.

அதோடு நம்மைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நீ கவலையே படவில்லை. உன் உடம்புக்கு வந்தபோதுகூட உன் குறும்பு அடங்கவில்லையே. வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்டபோது, "பத்துக்குப் பத்து வாங்கலன்னா எங்கம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்று ஆங்கிலத்தில் விளக்கினாய். அந்தப் பெண் மருந்தை மறந்துவிட்டுச் சிரித்தாள். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும் சிரித்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

உன் அடக்கத்துக்கு அந்தத் தலைவர் வந்தார், ரோசலி. பேசலாமா என்று சேவியரிடம் கேட்டுவிட்டு மைக் முன் நின்றார். "எனக்குப் பின்னாடி சிரிச்சவங்க நிறையப் பேர். நேருக்கு நேரா நின்னு சொன்னவங்க இவங்க ஒருத்தங்கதான்" என்றார். அவ்வளவுதான். போய் உட்கார்ந்துகொண்டார். தேவாலயத்தில் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் வாசிக்கவே இல்லை. நஸீமா அக்கா டிரம்ஸ் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்துவிட்டார். சேவியர் வேலைக்குப் போனார், வந்தார். நாங்கள் சாப்பாடு கொண்டுபோனால், "தேங்க்ஸ் கோமதி" என்பார். அதைத் தாண்டி அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. நீ இருந்த வீடா அது என்று இருக்கும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூங்காவில் நல்ல வெயில். புல்தரையில் துப்பட்டாவை விரித்து உட்கார்ந்தோம். உன் ஆட்கள் மேடை ஏறினார்கள். எல்லாருக்கும் தலை வெளுத்து, தொப்பை போட்டிருந்தது. கோட்டு சூட்டு, கல் முகம். நீ சொன்னது சொன்னபடி.

மாடி வீட்டுக்காரன் பாட்டு வந்தது. எந்த வரிக்குப் பிறகு எது வரும் என்று எனக்குத் தெரியுமே! கூட்டம் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பிரெஞ்சு அம்மாள் ஆச்சரியமாகத் திரும்பி, உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எனக்குத் தெரியாது, என் தோழிக்குத் தெரியும்" என்றேன். 'தெரியும்' என்றுதான் வாயில் வந்தது. திருத்தத் தோன்றவில்லை.

பாட்டெல்லாம் முடிந்து, பாடகர் ஒரு மேசை போட்டுத் தானே டி-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்தார். சேவியர் தயங்கித் தயங்கிப் போய்ப் பிரெஞ்சில் உன்னைப் பற்றிச் சொன்னார். தமிழில் இப்படி ஒரு குழு, எல்லாம் உங்களைக் கேட்டு வந்தது என்று. பாடகர் கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். ஒன்று பாடுங்கள் என்றார்.

சேவியர் என்னைப் பார்த்தார். நான் நஸீமா அக்காவைப் பார்த்தேன். "நீ பாடுடி" என்றார் அக்கா.

"நான் டிரம்ஸுங்க்கா!"

"அப்போ மேசைய தட்டிக்கிட்டே பாடு."

பாடினேன், ரோசலி. டி-ஷர்ட்டுகளுக்கு நடுவில் தாளம் போட்டுக்கொண்டு, கிரீன் கார்டு பாட்டை. ரெண்டாவது வரியில் குரல் உடைந்தது. கல்லு மாதிரி என்று நினைத்துக்கொண்டே பிடித்து நிறுத்தினேன். பல் ஆடும் இடத்தில் சேவியரும் சேர்ந்துகொண்டார். முடிந்ததும் அவர் பாட்டை வரி வரியாகப் பிரெஞ்சில் சொன்னார். உன் பாடகர் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த கிரீன் கார்டு வந்ததா என்று கேட்டார்.

சேவியர் ஒரு டி-ஷர்ட்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு சொன்னார். எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். "எனக்கு வந்துடுச்சு. அவ வெயிட் பண்ணல."

அந்த மனிதர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். சேவியர் வாய்விட்டுச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்க்கவே இல்லை. புல்லில் உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாகக் கிடந்தார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு அப்புறம்தான் பதில் வந்தது: "அப்போ வரிசையிலேயே புத்திசாலி உங்க மனைவிதான்னு சொல்றார்."

உனக்குப் பிடித்திருக்கும் அல்லவா? நீ இருந்திருந்தால் அவருக்குத் திருப்பி என்ன சொல்லியிருப்பாய்?

இந்த வாரம் நஸீமா அக்கா போர்வையை எடுத்துவிட்டார். தீபாவளிக்குப் பாட வரச் சொல்லி அந்தத் தலைவரே போன் செய்தார். பாடப்போவது நான்தான். சிரிக்காதே.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு பாட்டு எழுதுவேன். அதில் உன்னைத் தேவதை ஆக்க மாட்டேன். எங்கள் வீட்டு டப்பர்வேரை ஒன்றுகூடத் திருப்பித் தராதவள், ரெண்டு கார் இடத்தை அடைத்து ஒரு காரை நிறுத்துகிறவள், அடுத்த வீட்டு வைஃபைக்கு நேராகப் போய் பாஸ்வேர்டு கேட்டவள் என்று எல்லாவற்றையும் போட்டு உடைப்பேன். சபை முழுக்க உன்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
ஈரோட்டுக் கோமதி