தகட்டுக்கு அந்தப் பக்கம்

கருகிய பெயிண்ட் வாசனை இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்னை நிறுத்திவிட்டது. யாரோ ஒரு வேனின் தரைத் தகட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு எனக்கு மூச்சு முட்டும். ஏன் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீயும் போய்விட்டாய்.

கள்ளக்குறிச்சியில் நாம் இருவரும் சேர்ந்து பட்டறை வைத்திருந்த காலம். கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்று, தரை துருப்பிடித்து வந்தது. புதுத் தகட்டின் ஓரம் நெடுக நான் ஓட்டை போட்டேன். அதை ஜீப்பின் இரும்புச் சட்டத்தின்மேல் இறுக்கி வைத்ததும், ஒவ்வொரு ஓட்டையாக நீ வெல்டிங்கால் நிரப்பினாய். "ஓட்டைய ரொப்புனா மட்டும் போதாதுடா, அடியில இருக்கிறதும் உருகி ஒட்டணும்" என்பாய். பிறகு தேய்த்துப் பெயிண்ட் அடித்தோம். வெல்டிங் பற்று எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியவில்லை.

ஓட்டிப் பார்க்க மலைக்குப் போனோம். ஸ்டியரிங்கில் நான். வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது மண் சரிந்து ஜீப் பக்கவாட்டில் சாய்ந்தது. நீ வெளியே விழுந்தாய். பாறை ஒன்று தரையை உள்ளே நெட்டித் தள்ள, என் கால் தகட்டுக்கும் ஸ்டியரிங் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

மலை ஊர்க்காரர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். நான் அலறியதும் நீ தடுத்தாய். கேஸ் கட்டர் கொண்டுவந்து அறுக்கலாம் என்றார் ஒருவர். டீசல் ஒழுகுது, நெருப்பே ஆகாது என்றாய். இருந்தது ஓர் உளியும் சுத்தியலும்தான்.

வண்டியின் அடிப்பக்கத்தில் நீ, உள்ளே நான். முகத்துக்கு நேரே தகடு, மூக்கில் அதன் புதுப் பெயிண்ட் வாசனை. உன்னைப் பார்க்க முடியவில்லை. சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே உளியை விட்டு நீ அடித்த ஒவ்வோர் அடியும் என் எலும்பில் இறங்கியது. பற்று எங்கெங்கே என்று உனக்குத் தெரியும். ஆனால் அவை லேசில் விடவில்லை. நம் வேலை அவ்வளவு கெட்டி. வெயில் இறங்கியது. கால் மரத்துப்போனது. காலை வெட்டியாவது என்னை எடுத்துவிடு என்று கெஞ்சினேன்.

அடி நின்றது. அந்தப் பக்கமிருந்து உன் குரல் மட்டும் வந்தது.

"தகடு நாம போட்டது, கால் உன்னுது. எத வெட்டணும்னு எனக்குத் தெரியும். சும்மா கெட."

மறுபடி அடித்தாய். கடைசிப் பற்றும் விட்டபோது தகடு மடங்கி வெளிச்சம் வந்தது. என்னைத் தூக்கியபோதுகூட உன் விரல்கள் விரியவில்லை. உளியோடேயே ஆஸ்பத்திரிக்கு வந்தாய்.

கால் பிழைத்தது, நொண்டலோடு. பயம் போகவில்லை. கதவு சாத்திய அறையில் இன்றும் என்னால் உட்கார முடியாது. மற்றவர்கள் சிரித்தார்கள். நீயோ பட்டறையின் தகரக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை உருட்டிவந்து வைத்தாய். அதன்பிறகு தினமும் வைத்தாய்.

இப்போது நானே குனிந்து அந்தக் கல்லை வைக்கிறேன். உள்ளே இருக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.